உடம்பு வைக்கிறது, மனம் சோர்கிறது: தைரொயிட் குறைபாடும் எங்கள் சாப்பாட்டுக் கோப்பையும்

வன்னியில் உள்ள வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 20 வருடங்களுக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். 11 வருடங்களாகத் தைரொக்சின் குளிசையும் குடித்து வருகிறேன். மருந்து கொடுப்பவளாகவும், மருந்துக்காக வரிசையில் நிற்பவளாகவும் இந்த வருத்தத்தை எனக்குத் தெரியும். இன்றும் சந்தையிலோ கோயில் வீதியிலோ என்னைக் காணும் பெண்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மிஸ், பச்சைத் தண்ணி குடிச்சாலும் உடம்பு வைக்குது. தைரொயிட் எண்டுகினம். என்னத்தைச் சாப்பிடுறது, என்னத்தை விடுறது?"

இந்தக் கேள்விக்கு இணையத்தில் ஆயிரம் பதில்கள் கிடைக்கின்றன. கோவா சாப்பிடாதே, பாண் சாப்பிடாதே, பால் குடிக்காதே என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பட்டியல் தருகிறார்கள். அவற்றையெல்லாம் பின்பற்றினால் எங்கள் வீடுகளில் சமைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பட்டியல்களில் எது சரி, எது வீண் பயம் என்பதையும், போரைக் கடந்து வந்த எங்கள் உடம்புகளுக்கு எது பொருந்தும் என்பதையும் எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

யோசினையா, சுரப்பியா?

தைரொயிட் என்பது கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சிறிய சுரப்பி. இது சுரக்கும் ரி4, ரி3 என்னும் ஓமோன்கள்தான் உடம்பு எவ்வளவு வேகமாகச் சக்தியைச் செலவழிக்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. சுரப்பு குறைந்தால் எல்லாமே மந்தமாகும். களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி கொட்டுதல், முகம் ஊதுதல், குரல் தடித்தல், மாதவிடாய் அதிகமாகப் போதல், மறதி, மனச்சோர்வு, நிறை கூடுதல் எல்லாம் வரலாம். எல்லோருக்கும் எல்லாம் வருவதில்லை. ஆண்களுக்கும் வரும் என்றாலும் பெண்களுக்கே பல மடங்கு அதிகம்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். களைப்பு, மறதி, எதிலும் மனம் செல்லாமை. போருக்குப் பிறகு எங்கள் பெண்களிடம் எந்த வருத்தத்தைப் பற்றிக் கேட்டாலும் "யோசினைதான்" என்ற பதில்தான் வரும். கணவனைத் தேடுபவர், பிள்ளையைக் கையளித்துவிட்டுக் காத்திருப்பவர், நுண்கடன் தவணைக்குக் காசு பொறுக்குபவர் எல்லோருக்கும் யோசினை இருப்பது உண்மை. ஆனால் அந்த உண்மையான யோசினைக்குள்ளே ஒரு சுரப்பிக் குறைபாடும் ஒளிந்திருக்கலாம். வீட்டாரும் அயலாரும் "அவளுக்கு மனவருத்தம்" என்று விட்டுவிடுவார்கள். அவளும் அதையே நம்பிவிடுவாள். வருடக்கணக்கில் இப்படிப் பரிசோதனையே செய்யாமல் இருந்த பெண்களைக் கிளினிக்கில் கண்டிருக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. "அவளுக்கென்ன, நல்லாச் சாப்பிட்டுப் பெருத்துப் போய் இருக்கிறாள்" என்று தனித்து வாழும் பெண்ணைப் பார்த்து ஊர் சொல்லும். துக்கத்தில் இருப்பவள் மெலிந்துதான் இருக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்களோ தெரியவில்லை.

இரண்டையும் பிரித்தறிய ஒரு குருதிப் பரிசோதனை போதும். ரி.எஸ்.எச் எனப்படும் அந்தப் பரிசோதனை, மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பி தைரொயிட்டை எவ்வளவு விரட்டுகிறது என்பதை அளக்கிறது. தைரொயிட் சோம்பினால் கபச்சுரப்பி கூடுதலாக விரட்டும், ரி.எஸ்.எச் உயரும். வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக 0.4 முதல் 4 வரை சாதாரணம் என்று கொள்வார்கள். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் இந்த எல்லை சற்று மாறும் என்பதால் உங்கள் அறிக்கையில் அச்சிடப்பட்டுள்ள எல்லையைப் பாருங்கள். முடிக்கென்று பயோட்டின் கலந்த விற்றமின் குளிசை குடிப்பவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். அது முடிவைப் பிழையாகக் காட்டக்கூடும்.

பரிசோதனை சாதாரணம் என்று வந்தால், களைப்புக்கு வேறு காரணம் தேட வேண்டும். குருதிச்சோகை, நீரிழிவு, நித்திரையின்மை, மனச்சோர்வு என்று பல உண்டு. மனநலக் கிளினிக்குக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கு தரும் சில மருந்துகள் தைரொயிட்டோடும் நிறையோடும் தொடர்புடையவை என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். லித்தியம் நீண்ட காலம் எடுப்பவர்களுக்குத் தைரொயிட் சுரப்புக் குறையலாம், அதனால் அவர்களுக்கு ஒழுங்காகப் பரிசோதனை செய்வார்கள். ஒலன்சபின் போன்ற சில மருந்துகள் பசியைக் கூட்டி நிறையை ஏற்றும். அதற்காக அவற்றைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. வைத்தியரிடம் சொன்னால் மாற்று வழி பார்ப்பார்.

கூடிய நிறையில் தைரொயிட்டின் பங்கு எவ்வளவு?

இந்த இடத்தில் பலருக்கு ஏமாற்றம் வரும். தைரொயிட் குறைபாட்டால் மட்டும் கூடும் நிறை பொதுவாக 2 முதல் 5 கிலோ வரைதான். அதிலும் பெரும்பகுதி கொழுப்பு அல்ல, உடம்பில் தங்கும் உப்பும் நீரும். குறைபாடு மிகக் கடுமையாக இருந்தால் மட்டுமே இதைவிடக் கூடும். ஒருவருக்கு 15 கிலோ கூடியிருந்தால், அதில் 10 கிலோவுக்காவது வேறு காரணம் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே குளிசை தொடங்கியதும் உடம்பு வற்றிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வீக்கம் வடியும், மலச்சிக்கல் குறையும், நடக்கத் தெம்பு வரும். மிச்சம் சாப்பாட்டிலும் அசைவிலும்தான் இருக்கிறது. சிலர் மெலிவதற்காகக் குளிசையைக் கூட்டிக் குடிக்கிறார்கள். அப்படிக் குடித்தால் நெஞ்சு படபடப்பு, இதயத் துடிப்பு ஒழுங்கு கெடுதல், எலும்பு தேய்தல் ஆகியவைதான் மிஞ்சும். நடுத்தர வயதுக்குப் பிறகு இது ஆபத்தான விளையாட்டு.

எவ்வளவு நிறை இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நிறையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி வரும். ஆசிய மக்களுக்கு 23 ஐத் தாண்டினால் கவனம் தேவை, 27.5 ஐத் தாண்டினால் அபாயம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 155 சென்ரிமீற்றர் உயரமான பெண்ணுக்கு 23 என்பது ஏறக்குறைய 55 கிலோ, 27.5 என்பது 66 கிலோ. தராசு இல்லாவிட்டால் தையல் நாடா போதும். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள்ளும், ஆண்களுக்கு 90 க்குள்ளும் இருப்பது நல்லது. 70 கிலோ உள்ளவர் உடனே 55 க்கு வர வேண்டியதில்லை. மூன்றரைக் கிலோ குறைந்தாலே, அதாவது 100 க்கு 5 பங்கு குறைந்தாலே, குருதி அமுக்கத்திலும் சீனியிலும் நல்ல மாற்றம் தெரியும்.

குளிசை குடிக்கும் முறைதான் முதல் பத்தியம்

என்ன சாப்பிடலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது குளிசையை எப்படிக் குடிக்கிறீர்கள் என்பதைத்தான். தைரொக்சின் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் குடிக்க வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், தேநீர், கோப்பி, சாப்பாடு எதுவும் வேண்டாம். எங்கள் ஆட்களுக்கு விடிந்ததும் வாயில் தேத்தண்ணி படாவிட்டால் கண் திறக்காது. அதனால் பாற்தேநீரோடு சேர்த்துக் குளிசையையும் விழுங்கிவிடுகிறார்கள். பிறகு ரி.எஸ்.எச் குறையவில்லை என்று கவலைப்படுகிறார்கள். குளிசையின் அளவு கூட்டப்படுகிறது. உண்மையில் மருந்தில் ஒரு பகுதி உடம்பில் சேரவே இல்லை.

ஆடைத் தொழிற்சாலைக்கு விடியப்புறம் 5 மணி பஸ்ஸில் போகும் ஒரு தங்கச்சிக்கு இந்தக் காலை முறை சரிவரவில்லை. எழும்பிச் சமைத்து, பிள்ளைகளுக்குக் கட்டி வைத்துவிட்டு ஓடும் பெண் எங்கே ஒரு மணி நேரம் காத்திருப்பாள்? வைத்தியரிடம் கேட்டு இரவுக்கு மாற்றிக்கொண்டாள். இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரத்துக்குப் பிறகு படுக்கும்போது குடிப்பதும் நல்ல முறைதான். எந்த நேரம் என்பதை விட ஒவ்வொரு நாளும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம்.

இரும்புச் சத்துக் குளிசை, கல்சியம் குளிசை, நெஞ்செரிவுக்குக் குடிக்கும் அமில எதிர்ப்பு மருந்து ஆகியவற்றுக்கும் தைரொக்சினுக்கும் இடையில் 4 மணி நேர இடைவெளி வேண்டும். தலையில் காயப்பட்டு, அதன் பின் வலிப்புக்காக பெனிற்றோயின், கார்பமசபின் போன்ற மருந்து குடிப்பவர்கள் எங்களிடையே கொஞ்சப் பேர் அல்ல. அந்த மருந்துகள் தைரொக்சினை உடம்பு விரைவாகக் கழிக்கச் செய்யும், ஆகவே கூடிய அளவு தேவைப்படலாம். காசநோய்க்கான றிபாம்பிசினும் இப்படித்தான். கிளினிக்குக்குப் போகும்போது வேறு கிளினிக்கில் எடுக்கும் மருந்துகளின் உறைகளையும் கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஒரு நாள் குளிசை தவறினால் பதறத் தேவையில்லை. தைரொக்சின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். அதே காரணத்தால்தான் அளவை மாற்றினால் அதன் முழுப் பலன் குருதியில் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். அதற்கு முன் பரிசோதனை செய்வது காசுக்குக் கேடு. வேறு நிறுவனத்தின் குளிசை தரப்பட்டாலும் இதே கால இடைவெளியில் ஒருமுறை பரிசோதிப்பது நல்லது.

வைத்தியசாலை மருந்தகத்தில் குளிசையைக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். தகரக் கூரை வீட்டில் அந்த உறையைச் சுவர்த் தட்டில் வைத்தால் வெக்கையும் ஈரப்பதனும் மருந்தைப் பழுதாக்கும். வெளிச்சம் புகாத, இறுக மூடும் சிறு போத்தலில் போட்டு, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். குசினியில் வேண்டாம்.

கோவா, மரவள்ளி, சோயாமீற்

இனி எல்லோரும் பயப்படும் சாப்பாடுகளுக்கு வருவோம்.

கோவா, பூக்கோவா, முள்ளங்கி போன்றவற்றில் அயடின் சுரப்பிக்குள் சேர்வதைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன என்பது உண்மை. ஆனால் அவற்றின் வீரியம் அவிக்கும்போது பெருமளவு குறைந்துவிடும். எங்கள் வீடுகளில் கோவாவைப் பச்சையாகக் கூடை கூடையாக யாரும் தின்பதில்லை, வறை செய்து அல்லது பாற்கறி வைத்துத்தான் சாப்பிடுகிறோம். அயடின் போதியளவு கிடைக்கும் ஒருவருக்கு வாரத்தில் சில நாள் கோவாக் கறி எந்தக் கெடுதலும் செய்யாது. குளிசை குடிப்பவருக்கோ ஓமோன் குளிசையாகவே கிடைக்கிறது, சுரப்பியைத் தடுப்பது பற்றிய பேச்சு இன்னும் குறைவு. விலை குறைந்த மரக்கறியைப் பயத்தால் விலக்குவது வீண்.

மரவள்ளியில் சயனைட்டாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. உடம்பு அதை தயோசயனேற்றாக மாற்றும்போது அது அயடினோடு போட்டி போடும். அயடின் குறைந்த இடங்களில் மரவள்ளியையே முழுநேர உணவாக உண்ட மக்களிடம் கழலை அதிகம் காணப்பட்டது ஆபிரிக்காவில் நன்கு பதிவான விடயம். இடம்பெயர்ந்த காலங்களில் எங்களுக்கும் மரவள்ளிதான் சோறு. இன்று அது எப்போதாவது அவித்துச் சம்பலோடு சாப்பிடும் ஒன்றாகிவிட்டது. தோலை நன்றாகச் சீவி, நிறையத் தண்ணீரில் மூடியில்லாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். இஞ்சியோடு சேர்த்துச் சாப்பிட்டால் நஞ்சு என்று ஊரில் சொல்வார்கள். நஞ்சு இருப்பது சரியாக அவிக்காத மரவள்ளியில்தான். தைரொயிட்டை விட நிறைக்குத்தான் மரவள்ளி பிரச்சினை. அது முழுக்க மாச்சத்து. சோற்றோடு கறியாக அல்ல, சோற்றுக்குப் பதிலாகக் கணக்கு வைக்க வேண்டும்.

சோயாமீற் முகாம் காலத்தில் சலிக்கச் சலிக்கச் சாப்பிட்ட சாமான். இன்னமும் மீன் வாங்க முடியாத நாட்களில் பல வீடுகளில் அதுதான் கறி. சோயா குடலில் தைரொக்சின் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். காலையில் குளிசை குடிப்பவர் மதியம் சோயாமீற் சாப்பிட்டால் பிரச்சினையில்லை. இரவில் குளிசை குடிப்பவர்கள் அதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாணும் கோதுமை மாவும் தைரொயிட்டைக் கெடுக்கும் என்ற பேச்சு வெளிநாட்டிலிருந்து வந்தது. கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் என்ற நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். மற்றவர்களுக்கு அதனால் தைரொயிட் சுகமாகும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. இருந்தாலும் பாணைக் குறைத்தால் நல்லதுதான். வெள்ளை மா, பூசும் மார்ஜரின், தொட்டுக்கொள்ளும் சீனிச் சம்பல் மூன்றும் நிறைக்கு நல்ல கூட்டாளிகள்.

அயடின் பற்றியும் சொல்ல வேண்டும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிக்கு 250. இலங்கையில் 1995 முதல் உணவு உப்பில் அயடின் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டது. அதற்கு முன் கழலை அதிகமாக இருந்தது தென்மேற்கு ஈரவலயத்தில். ஆகவே நாம் செய்ய வேண்டியது, அயடின் சேர்த்தது என்று அச்சிட்ட உப்பை வாங்கி, மூடிய பாத்திரத்தில் வைத்து, கறி இறக்கும் நேரத்தில் போடுவதுதான். உப்பளத்திலிருந்து நேரே அள்ளி வந்த உப்பில் இந்தச் சேர்க்கை இருக்காது. உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். மீன், முட்டை, பாலிலும் அயடின் உண்டு.

அயடின் குறைவது போலவே கூடுவதும் கெடுதல். எங்களில் பலருக்குத் தைரொயிட் குறைவது அயடின் போதாமல் அல்ல, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால். இதற்கு ஹஷிமோட்டோ நோய் என்று பெயர். அவர்களுக்கு அளவுக்கு மீறிய அயடின் நிலைமையை மோசமாக்கலாம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்கள் அன்போடு அனுப்பும் "தைரொயிட் சப்போர்ட்" குளிசைகளில் கடற்பாசியிலிருந்து எடுத்த அயடின் அதிகமாக இருக்கலாம். சிலவற்றில் மிருகங்களின் தைரொயிட் தூளே இருப்பதுண்டு. வைத்தியரிடம் காட்டாமல் அவற்றைத் தொட வேண்டாம். ஊருக்குள் ஆள் பிடித்து விற்கும் மெலியும் மாவுகளும் அப்படியே. அவற்றில் அனேகமானவை சோயாப் புரதமும் சுவையூட்டியும்தான். கடன் பட்டு அதை வாங்கும் காசுக்கு ஒரு மாதம் முட்டையும் பயறும் வாங்கலாம்.

பசி கண்ட கை

நிறை குறைப்பதைப் பற்றி எங்களிடம் பேசுபவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. 2009 இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு, முகாமில் நிவாரண அரிசியை அளந்து அளந்து சமைத்தவர்களுக்கு, ஒரு பிடி சோற்றைக் குப்பையில் கொட்டக் கை வராது. பிள்ளைகள் மிச்சம் விட்டதைத் தாய்தான் சாப்பிட்டு முடிப்பாள். "கொஞ்சமாய்ச் சாப்பிடுங்கோ" என்று சொன்னால் அது அவர்கள் காதில் ஏறாது. ஏறாததில் ஆச்சரியமும் இல்லை.

எனவே கோப்பையில் மிச்சம் விடச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். பானையில் குறைக்கச் சொல்கிறேன். நாலு பேருக்கு இரண்டு சுண்டு அரிசி போடும் வீட்டில் ஒன்றரைச் சுண்டு போடுங்கள், கறிச் சட்டியைப் பெரிதாக்குங்கள். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் பழஞ்சோறாக்குங்கள், அப்படியென்றால் காலைக்குப் பாண் வாங்க வேண்டாம். கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன், முட்டை, பருப்பு அல்லது கடலை, கால்வாசி மட்டும் சோறு. அரிசி தவிட்டோடு கூடிய சிவப்பரிசியாக இருந்தால் பசி தாங்கும், மலச்சிக்கலுக்கும் நல்லது. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் வேலியிலும் கிணற்றடியிலும் கிடைப்பவை. சூடை, சாளை போன்ற சிறு மீன்கள் விலையும் குறைவு, சத்தும் அதிகம். பொரிக்காமல் தீயலாகவோ சொதியாகவோ வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. மீன் பொரியல் அதில் எத்தனை கரண்டியைக் குடிக்கும் என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும்.

புட்டைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். புட்டில் தவறில்லை. அரிசி மாவோ குரக்கன் மாவோ நல்லது. மாவுக்குச் சமமாகத் தேங்காய்ப்பூவைப் போட்டு, மேலே சீனியும் வாழைப்பழமும் சேர்க்கும்போதுதான் ஒரு நேரச் சாப்பாடு இரண்டு நேரச் சாப்பாடாகிறது. மரக்கறிச் சொதியோடு சாப்பிட்டால் அரைவாசிப் புட்டிலேயே வயிறு நிறையும். குரக்கனையும் தினையையும் நாளாந்த முழு உணவாக்க வேண்டாம், சிறுதானியங்களிலும் தைரொயிட்டைத் தடுக்கும் பொருள்கள் கொஞ்சம் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நல்லது.

என் அனுபவத்தில் மிக விரைவாகப் பலன் தருவது தேநீரில் சீனியைக் குறைப்பதுதான். ஒரு நாளில் 5 தேநீர், ஒவ்வொன்றிலும் 2 தேக்கரண்டி சீனி என்றால் 40 கிராமுக்கு மேல். சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டக் கொட்டகை போன்ற இடங்களில் நாள் முழுவதும் இருக்கும் தாய்மாருக்கு வருபவர்கள் அன்போடு கொடுப்பது இனிப்புத் தேநீரும் பணிஸும்தான். அவர்களில் பலருக்கு நீரிழிவும் அமுக்கமும் உண்டு. போகிறவர்கள் வாழைப்பழம், அவித்த கடலை, தண்ணீர்ப் போத்தல் கொண்டு போனால் பெரிய உதவி. பனங்கட்டியும் சீனிதான், கடித்துக் குடித்தால் அளவு குறையும் என்பது மட்டுமே அதன் நன்மை. வறுத்த கச்சான் 100 கிராமில் 550 கலோரிக்கு மேல் உண்டு, சுருள் ஒன்றோடு நிறுத்துங்கள்.

விரதம் இருப்பவர்கள் குளிசையை நிறுத்த வேண்டாம். கந்தசஷ்டி நாட்களில் ஒரு மிடறு தண்ணீரோடு குடித்துக்கொள்ளலாம். தண்ணீரும் இல்லாத கடும் விரதம் என்றால் முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்து இரவில் ஒரு பெட்டிப் புட்டைச் சாப்பிட்டால் விரதத்தால் மெலிய முடியாது.

நடக்க முடியாதவர்களுக்கு

வாரத்துக்கு 150 நிமிட நடை என்பது பொதுவான அறிவுரை. ஒரு காலை இழந்தவரிடம், முதுகில் எறிகணைச் சிதறல் இருப்பவரிடம் இதைச் சொல்லி என்ன பயன்? கதிரையில் இருந்தபடி கைகளை உயர்த்தி இறக்குவது, அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் இரண்டைத் தூக்குவது, சுவரைப் பிடித்து எழுந்து இருப்பது எல்லாம் உடற்பயிற்சிதான். பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துச் செய்யலாம். எந்த அசைவு உங்கள் காயத்துக்குப் பொருந்தும் என்று வைத்தியசாலையில் உள்ள இயன் மருத்துவரிடம் ஒருமுறை கேளுங்கள்.

செயற்கைக் கால் போட்டவர்களுக்கு நிறை மாற்றம் நேரடியாக வலியாக வரும். உடம்பு வைத்தால் துண்டான கால் கிண்ணத்துக்குள் இறுகும், தோல் உரசிப் புண்ணாகும். மெலிந்தால் கிண்ணம் ஆடும். தைரொயிட் சிகிச்சை தொடங்கும் மாதங்களில் வீக்கம் வடிந்து இந்த அளவு மாறலாம். புண் வரும் வரை பொறுக்காமல், கால் செய்து தந்த நிலையத்தில் கிண்ணத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீரிழிவும் உள்ளவர்கள் ஒவ்வொரு இரவும் தோலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

மெலிபவர்களும் கர்ப்பிணிகளும்

சிலருக்குத் தைரொயிட் கூடுதலாகச் சுரக்கும். நன்றாகச் சாப்பிட்டும் மெலிவார்கள். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது, கண் வெளியே தள்ளியது போல் தெரியலாம். போரைக் கண்டவர்களில் இந்தப் படபடப்பையும் "பயத்தால் வந்தது" என்று விட்டுவிடுவது உண்டு. அதற்கும் அதே ரி.எஸ்.எச் பரிசோதனைதான், ஆனால் இம்முறை அளவு மிகக் குறைந்திருக்கும். கார்பிமசோல் குளிசை தருவார்கள். அதைக் குடிக்கும் காலத்தில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால் குளிசையை நிறுத்தி, அன்றே வைத்தியசாலைக்குப் போய்க் குருதிக் கலங்களைப் பரிசோதிக்க வேண்டும். அரிதாக வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். சிகிச்சை பலித்ததும் இழந்த நிறை திரும்பும், பழைய பசியோடே தொடர்ந்து சாப்பிட்டால் முன்பிருந்ததை விடவும் கூடும்.

தைரொக்சின் குடிக்கும் பெண் கர்ப்பமானால் முதல் மாதக் கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது. தேவைப்படும் அளவு 100 க்கு 25 முதல் 50 பங்கு வரை கூடலாம். சிசுவின் மூளை வளர்ச்சிக்கு முதல் மாதங்களில் தாயின் ஓமோன்தான் ஆதாரம். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இரும்பும் கல்சியமும் தருவார்கள், திரிபோஷாவும் தருவார்கள். திரிபோஷா சோளமும் சோயாவும் கலந்த மா. மூன்றும் நல்லவை, மூன்றையும் குளிசையிலிருந்து தள்ளி வையுங்கள். விடியப்புறம் தைரொக்சின், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு, இரவுச் சாப்பாட்டோடு கல்சியம், பின்னேரம் திரிபோஷா என்று பிரித்தால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. கொப்பியில் குடும்பநல மாதுவைக் கொண்டு நேரத்தை எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

மருந்து இல்லாத காலத்துக்கு

2008, 2009 இல் வன்னிக்குள் எந்த மருந்தும் ஒழுங்காக வராத காலத்தை நாங்கள் கண்டோம். 2022 இல் பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. தைரொக்சின் அப்போதும் சில இடங்களில் கிடைக்காமல் மக்கள் அலைந்ததை நான் பார்த்தேன். ஒரு வாரம் இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து வராது. வாரக்கணக்கில் இல்லாவிட்டால் பழைய மந்தம் திரும்பும். வயதானவர்களுக்கு உடம்பு குளிர்ந்து, குழம்பிய பேச்சும் தொடர்ந்த தூக்கமும் வந்தால் அது அவசர நிலை, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

குளிசை குறைவாக இருந்தால் நீங்களாகப் பாதி பாதியாக உடைக்காமல், எத்தனை குளிசை கையில் இருக்கிறது என்று சொல்லி வைத்தியரிடம் கேளுங்கள். 100 மைக்ரோகிராம் குளிசை இல்லாத இடத்தில் 50 இரண்டு கிடைக்கலாம். கிளினிக் திகதிக்கு ஒரு வாரம் முன்பே போத்தலை எண்ணிப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் குளம் உடைக்கும் என்று அஞ்சி அடையாள அட்டையையும் காணி உறுதியையும் பொலித்தீன் பையில் கட்டி வைப்பது எங்களுக்குப் பழக்கம். அதே பையில் இரண்டு வாரக் குளிசையையும், கடைசி ரி.எஸ்.எச் அறிக்கையையும், எத்தனை மைக்ரோகிராம் என்று தெளிவாக எழுதிய ஒரு துண்டையும் போட்டு வையுங்கள். பையில் இருக்கும் குளிசையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் குடித்துவிட்டுப் புதியதை மாற்றி வைக்க வேண்டும்.